பால்டிக் ஹெர்ரிங் மேலாண்மையில் ஐந்து விழுக்காட்டு விதி

பால்டிக் கடலின் ஹெர்ரிங் வளம் மேற்குப் பால்டிக், நடுப் பால்டிக், ரீகா வளைகுடா, போத்னியா வளைகுடா என நான்கு அலகுகளாகப் பிரித்து ஆளப்படுகிறது. மத்தி எனப்படும் சாளைக்கு உறவான இம்மீனை அடுத்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்பது மூன்று படிகளில் முடிவாகிறது. பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் மே மாத இறுதியில் கருத்துரை தருகிறது. ஐரோப்பிய ஆணையம் கோடையின் முடிவில் அளவுகளை முன்மொழிகிறது. உறுப்பு நாடுகளின் மீன்வள அமைச்சர்கள் கூடும் அவை அக்டோபரில் முடிவெடுக்கிறது. இம்மூன்று படிகளையும் பிணைப்பது 2016/1139 எண் கொண்ட ஒழுங்குவிதி, அதாவது பால்டிக் பல்லாண்டுத் திட்டம். அதன் நான்காம் பிரிவின் ஆறாம் உட்பிரிவு, இன்றுள்ள வடிவில், சுருக்கமான ஒரு கட்டளை. முட்டையிடும் திரளின் மொத்த நிறை, ‘எல்லை நிறை’ எனப்படும் அளவுக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காட்டை எட்டாதவாறே எந்த நிலையிலும் பிடிப்பளவு நிர்ணயிக்கப்பட வேண்டும் என்கிறது அது. எல்லை நிறை என்பது, அதற்குக் கீழே போனால் திரளின் இனப்பெருக்கத் திறன் குன்றக்கூடும் என்று கருதப்படும் அளவு.

2023 வரை இந்த உட்பிரிவைப் பற்றி எவரும் பெரிதாக விவாதிக்கவில்லை. அவ்வாண்டின் கருத்துரை நிலைமையை மாற்றியது. நடுப் பால்டிக், போத்னியா ஆகிய இரு அலகுகளிலும் ஒரு மீன்கூடப் பிடிக்காமல் விட்டாலும் அந்த வாய்ப்பு ஐந்து விழுக்காட்டைத் தாண்டும் என்று முன்கணிப்பு அட்டவணை காட்டியது. ஆணையம் இரண்டிலும் ஹெர்ரிங்கைக் குறிவைத்துப் பிடிப்பதை நிறுத்தி, தவிர்க்க முடியாத உடன்பிடிப்புக்கு மட்டும் இடம் விட முன்மொழிந்தது. அமைச்சர் அவை அதை ஏற்கவில்லை. நடுப் பால்டிக்கின் அளவை 70,822 டன்னிலிருந்து 40,368 டன்னுக்கும், போத்னியாவின் அளவை 80,074 டன்னிலிருந்து 55,000 டன்னுக்கும் குறைத்து, மீன்பிடிப்பைத் தொடரவிட்டது. அடுத்த மாதமே ஆணையம் ஆறாம் உட்பிரிவையும், வட கடல் திட்டத்திலும் மேற்கு நீர்ப்பரப்புத் திட்டத்திலும் உள்ள அதே வாசகத்தையும் நீக்கிவிட வேண்டும் என்று ஒரு திருத்த வரைவை முன்வைத்தது. தான் கோடையில் எந்த விதியைக் காட்டி மூடச் சொன்னதோ அதே விதியை இலையுதிர் காலத்தில் எடுத்துவிடச் சொன்னது, அண்மைக்கால மீன்வளச் சட்ட வரலாற்றில் எளிதில் விளங்காத திருப்பங்களில் ஒன்று.

இதைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை இரு தரப்பாகப் பிரிகின்றன. ஒரு தரப்புக்கு உட்பிரிவு ஐயத்துக்கு இடமற்ற கோடு; கோட்டைத் தாண்டிய அவை சட்டத்தை மீறியது; அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. மறுதரப்புக்கு அது நிறைவேற்ற இயலாத கட்டளை. பூச்சியப் பிடிப்பிலும் வாய்ப்பு ஐந்துக்குக் கீழே வராது எனில், எந்தப் பிடிப்பளவாலும் அதை உறுதிசெய்ய முடியாது. இயலாததைச் சட்டம் கோராது. ஆகவே உட்பிரிவு விலகி நின்று, ஐந்தாம் பிரிவிலுள்ள பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு வழிவிட வேண்டும். இரு தரப்பும் கடுமையாக மோதினாலும் ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றன. அட்டவணையில் உள்ள விழுக்காடு கடலின் நிலையைப் பற்றிய ஒரு தரவு என்று இரண்டுமே கொள்கின்றன. அந்த எடுகோள்தான் இங்கே ஆய்வுக்குரியது.

அந்த விழுக்காடு மூன்று பொருள்களின் கூட்டுவிளைவு: திரளின் தற்போதைய நிறை பற்றிய மதிப்பீடு, அம்மதிப்பீட்டின் நிச்சயமின்மையை மாதிரி எப்படி வெளியிடுகிறது என்பது, எல்லை நிறை எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பது. மூன்றும் ஒரே தசாப்தத்துக்குள் மாறியிருக்கின்றன. இவற்றுள் மூன்றாவதுதான் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டது.

2016-இல் சட்டம் இயற்றப்பட்டபோது எல்லை நிறைகள் அதன் இரண்டாம் இணைப்பிலேயே எண்களாக அச்சிடப்பட்டிருந்தன. நடுப் பால்டிக் ஹெர்ரிங்குக்கு எல்லை நிறை 4,30,000 டன். அதற்கு மேலே, நடவடிக்கை தொடங்க வேண்டிய எச்சரிக்கை நிறை 6,00,000 டன். மேற்குப் பால்டிக்குக்கு முறையே 90,000 டன், 1,10,000 டன். மேற்கு நீர்ப்பரப்புகளுக்கான 2019/472 ஒழுங்குவிதி வந்தபோது பால்டிக் திட்டமும் உடன் திருத்தப்பட்டு, இணைப்பின் எண்கள் சட்டத்தை விட்டு வெளியேறின. அதன் பிறகு எல்லை நிறை என்பது கிடைக்கும் சிறந்த அறிவியல் கருத்துரை எதைச் சொல்கிறதோ அது. பழைய எண்ணைச் சட்டத்தில் பூட்டிவைப்பதைவிட இது மேலான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விளைவாக, மாறாத ஒரு வரம்பைப் பேசும் சட்ட வாசகம் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது.

எண் எவ்வளவு மாறியது? மேற்குப் பால்டிக்கில் 2018-இன் மறுமதிப்பீடு எல்லை நிறையை 90,000 டன்னிலிருந்து 1,20,000 டன்னுக்கு உயர்த்தியது. திரள் ஒரே நாளில் எல்லைக்கு வெகு கீழே போய்விட்டதாகத் தோன்றியது. 2019-ஆம் ஆண்டுக்குப் பூச்சியப் பிடிப்பு என்ற கருத்துரை வெளிவந்தது. நடுப் பால்டிக்கில் நேர்மாறு. 2020-இல் எல்லை நிறை 4,30,000 டன்னிலிருந்து 3,30,000 டன்னாகவும், எச்சரிக்கை நிறை 6,00,000 டன்னிலிருந்து 4,60,000 டன்னாகவும் இறங்கின. ஒரு திரளுக்கு வரம்பு மூன்றில் ஒரு பங்கு ஏறியது. அடுத்த திரளுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இறங்கியது. இரண்டுக்கும் தக்க அறிவியல் காரணங்கள் இருந்தன என்பதை மறுக்க இடமில்லை. காட் மீன் எவ்வளவு ஹெர்ரிங்கைத் தின்றிருக்கும் என்ற கணக்கு திருத்தப்பட்டால் கடந்தகாலத் திரளின் அளவும் திருந்தும். திரளின் அளவு திருந்தினால் குஞ்சுகளின் வரவு எந்த அளவில் குன்றத் தொடங்கியது என்ற புள்ளியும் நகரும். ஆயினும் அமைச்சர் அவையின் மேசையில் இந்த நகர்வுகள் எதுவும் தெரிவதில்லை. அங்கே வந்து சேர்வது ஒரு விழுக்காடு மட்டுமே.

2023-இல் நடுப் பால்டிக்கின் மதிப்பீட்டு மாதிரியே மாற்றப்பட்டது. பழைய முறையின் குறுங்கால முன்கணிப்பு ஒவ்வொரு பிடிப்பளவுக்கும் ஒரே ஒரு நிறையைச் சொல்வது; புதிய மாதிரி அந்நிறையைச் சுற்றியுள்ள நிச்சயமின்மையையும் சேர்த்துத் தருவது. ஆறாம் உட்பிரிவு கேட்கும் கேள்விக்கு நேரான விடை இந்த இரண்டாம் வகை மாதிரியிலிருந்துதான் கிடைக்கும். உட்பிரிவு திடீரென உயிர்பெற்றதற்குத் திரளின் சரிவு ஒரு காரணம் என்றால், கேள்விக்கு விடை தரக்கூடிய கருவி வந்து சேர்ந்தது இன்னொரு காரணம் எனக் கொள்ளலாம். முதல் காரணத்தை மட்டும் சொல்லும் வரலாறு முழுமையற்றது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டால் உட்பிரிவு பொருளற்றது என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்குமா? நீக்கத்தை ஆதரிப்போர் அப்படித்தான் வாதிடுகின்றனர். அவர்களுக்குக் கைகொடுப்பது பிடிப்பளவுகளின் ஊசலாட்டம். நடுப் பால்டிக்கின் அளவு 2021-இல் 97,551 டன், 2022-இல் 53,653, 2023-இல் 70,822, 2024-இல் 40,368, 2025-இல் 83,881. போத்னியாவில் அதே ஐந்து ஆண்டுகளுக்கு 65,018, 1,11,345, 80,074, 55,000, 66,446. எந்த மீன்திரளும் இப்படி ஆண்டுக்காண்டு பாதியாகி இரட்டிப்பதில்லை. ஆடுவது மதிப்பீடு. 2023-இல் மூடச் சொல்லப்பட்ட நடுப் பால்டிக்குக்கு ஓராண்டு கழித்து இரு மடங்குக்கும் மேலான அளவு கிடைத்தது எனில், மூடியிருந்தால் அது வீண் தியாகமாக அல்லவா முடிந்திருக்கும் என்பது அவர்களின் கேள்வி.

இந்த வாதம் தலைகீழாக நிற்கிறது. மதிப்பீடு ஒரே ஆண்டில் இவ்வளவு தூரம் மேலே நகரக்கூடும் எனில் கீழேயும் அதே தூரம் நகரக்கூடும். 2021-இலிருந்து 2022-க்கு நகர்ந்தும் இருக்கிறது. எல்லை நிறைக்கு மேலே ஓர் இடைவெளியைச் சட்டம் கோருவது மதிப்பீடு பிழைபடும் என்பதற்காகவே. துல்லியமாக எண்ணத்தக்க வளத்துக்கு ஐந்து விழுக்காட்டு விதி தேவைப்படாது. நிறை எல்லைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நிச்சயமின்மையைக் காட்டி உட்பிரிவை நீக்கச் சொல்வது, ஆற்றின் ஆழம் சரியாகத் தெரியவில்லை என்பதற்காகக் கரையிலுள்ள தடுப்பை எடுத்துவிடச் சொல்வது போன்றது. மேலும், 2024-இல் மதிப்பீடு உயரும் என்பதை 2023-இல் எவரும் அறிந்திருக்கவில்லை. ஒரு முடிவு சட்டத்துக்கு உட்பட்டதா என்பது அது எடுக்கப்பட்ட நாளில் கையிலிருந்த கருத்துரையை வைத்தே அளக்கப்பட வேண்டும். பிற்பாடு வந்த நல்ல செய்தி அதற்குச் சாட்சியாக முடியாது.

இயலாத கட்டளை என்ற வாதம் இதைவிட வலுவானது. உட்பிரிவின் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பூச்சியப் பிடிப்பிலும் வாய்ப்பு ஐந்தைத் தாண்டும்போது அதை நிறைவேற்ற வழியில்லை என்பது உண்மை. ஐந்தாம் பிரிவோ எல்லை நிறைக்குக் கீழே உள்ள திரளுக்குக்கூடக் குறிவைத்த மீன்பிடிப்பை நிறுத்துவதை ஒரு தெரிவாகவே வைக்கிறது, கட்டாயமாக்கவில்லை. எல்லைக்குக் கீழே போன திரளுக்கு நெகிழ்வும், எல்லைக்கு இன்னும் மேலே நிற்கும் திரளுக்கு முழுத் தடையும் என்றால் சட்டம் தனக்குத்தானே முரண்படும் என்று அத்தரப்பு சுட்டிக்காட்டுகிறது. பன்னாட்டுக் கடலாய்வு மன்றத்தின் கருத்துரையிலும் இதே பிளவு உண்டு. அதன் முகப்பில் உள்ள பரிந்துரை நீடித்த உச்ச விளைச்சல் விதிப்படி கணக்கிடப்படுவது. எச்சரிக்கை நிறைக்குக் கீழே திரள் இறங்க இறங்க மீன்பிடி இறப்பு வீதத்தை அதே விகிதத்தில் குறைக்கும் அந்த விதி, 2023-இல் இரு அலகுகளுக்கும் பூச்சியத்துக்கு மேற்பட்ட அளவையே தந்தது. ஐந்து விழுக்காட்டுக் கேள்விக்கான விடை உள்ளே அட்டவணையில் இருந்தது. அவை முகப்பைப் படித்தது. ஆணையம் அட்டவணையைப் படித்தது.

எனினும், கட்டளையை முழுமையாக நிறைவேற்ற இயலாமை அதன் இயன்ற பகுதியையும் கரைத்துவிடும் என்பதற்கு உட்பிரிவில் ஆதாரம் இல்லை. அவையின் கையில் இருப்பது மீன்பிடிப்பு ஒன்றே. உப்புத்தன்மையும் வெப்பமும் அதன் கையில் இல்லை. ‘எந்த நிலையிலும்’ என்று சொல்லும் கட்டளை, மற்ற இலக்குகளோடு மோதும்போதும் தான் நிற்க வேண்டும் என்று கருதி எழுதப்பட்டதே அன்றி, மோதல் வந்தவுடன் விலகிக்கொள்ள எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆபத்தை ஐந்துக்குக் கீழே கொண்டுவர முடியாதபோது, இயன்ற அளவு அதன் அருகே கொண்டுவருவதே எஞ்சும் கடமை. ஐந்தாம் பிரிவு இதற்குக் குறுக்கே வருவதில்லை. அது மீட்புக்கான கூடுதல் கருவிகளைப் பட்டியலிடுகிறது. பூச்சியத்துக்கும் 40,000 டன்னுக்கும் இடையே ஓராண்டு முன்கணிப்பில் விழுக்காட்டு வேறுபாடு பெரிதல்ல என்ற மறுப்பும் எழுப்பப்படுகிறது. ஓராண்டுச் சாளரத்தில் எந்தப் பிடிப்பளவும் சிறிதாகவே தெரியும். ஆண்டுதோறும் அதே காரணம் சொல்லப்பட்டால் கூட்டுவிளைவு எந்த அட்டவணையிலும் இடம்பெறாமலே போகும்.

இரு தரப்பும் தொடாத குறை வேறொன்று. எல்லை நிறை டன்களில் அளக்கப்படுகிறது. நடுப் பால்டிக் ஹெர்ரிங்கின் வயதுவாரி எடை 1980-களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து சரிந்து, 1990-களின் இறுதிக்குள் பல வயதுப் பிரிவுகளில் ஏறத்தாழ பாதியாகியது. கடலின் உப்புத்தன்மை குறைந்ததால் ஹெர்ரிங் விரும்பியுண்ணும் சூடோகலானஸ் என்ற மிதவை உயிரி அருகியது ஒரு காரணம். காட் மீன் சரிந்ததும் அதற்கு இரையான ஸ்பிராட் பெருகி, ஹெர்ரிங்கோடு அதே உணவுக்குப் போட்டியிட்டது மற்றொன்று. கிழக்குப் பால்டிக் காட் பிடிப்பு 2019 கோடையில் அவசர நடவடிக்கையாக நிறுத்தப்பட்டது; இன்றுவரை உடன்பிடிப்புக்கு மட்டுமே அனுமதி. ஆக, இன்றைய மூன்று லட்சம் டன் முட்டையிடும் திரளும் 1980-இன் மூன்று லட்சம் டன் திரளும் ஒன்றல்ல. இன்றைய திரளில் மீன்கள் கூடுதல், ஒவ்வொன்றும் மெலிவு. பெரிய தாய்மீன் சிறியதைவிடப் பல மடங்கு முட்டையிடும் என்பது ஹெர்ரிங் ஆய்வில் பழைய செய்தி. வயதிலும் அளவிலும் குறுகிய திரள் ஓரிரு ஆண்டு மோசமான குஞ்சு வரவைத் தாங்கும் திறனையும் இழக்கிறது.

சுவீடனின் போத்னியாக் கரையோரச் சிறு மீனவர்கள் இதைத் தங்கள் செவுள்வலைகளில் முதலில் கண்டனர். சுர்ஸ்ட்ரொம்மிங் என்னும் புளிக்கவைத்த மீனுக்கு வேண்டிய அளவில் மீன் கிடைக்கவில்லை என்ற முறையீடு, திரளின் டன் கணக்கு இன்னும் அபாயமாகத் தோன்றாத காலத்திலேயே எழுந்தது. ஆழ்பகுதியில் பெரிய இழுவலைக் கப்பல்கள் அள்ளுவதே காரணம் என்று அவர்கள் சொன்னதை இன்னும் முழுதாக நிறுவ முடியவில்லை. ஆனால் டன் அளவுகோல் காணத் தவறியதை வலையின் கண்ணி கண்டது என்பதை மறுக்கவும் முடியாது. வசந்தத்தில் முட்டையிடும் ஹெர்ரிங்கும் இலையுதிர் காலத்தில் முட்டையிடும் ஹெர்ரிங்கும் மரபணு அளவிலேயே வேறுபட்டவை என்று தெரிந்த பின்னும், ஓர் அலகின் மீன் முழுதும் ஒரே திரளாகக் கூட்டப்படுவது இக்குறையை மேலும் ஆழமாக்குகிறது.

சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது என்பது பொதுவாகக் கவனிக்கப்படுவதில்லை. பால்டிக் திட்டத்தின் மூன்றாம் பிரிவு, 2008/56 கடல்சூழல் நெறியாணையின் நல்ல சூழல் நிலை என்ற இலக்கோடு திட்டம் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. அந்நிலையை அளக்க 2017-இல் ஆணையம் வகுத்த அளவுகோல்களில் வணிக மீன்களுக்கு மூன்று உண்டு: மீன்பிடி இறப்பு வீதம், முட்டையிடும் திரளின் நிறை, வயது மற்றும் உருவளவின் பரவல். முதல் இரண்டும் ஆண்டுதோறும் கணக்கிடப்படுகின்றன. மூன்றாவது பிடிப்பளவு நிர்ணயத்தில் எந்த வேலையும் செய்வதில்லை. ஆறாம் உட்பிரிவு காக்க விரும்பும் இனப்பெருக்கத் திறனுக்கு மிக அருகில் நிற்பது அந்த மூன்றாவதுதான்.

நடைமுறை மறுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் விடை தேவை. நடுப் பால்டிக்கில் ஹெர்ரிங்கும் ஸ்பிராட்டும் ஒரே நடுநீர் இழுவலையில் கலந்து விழுகின்றன. இனவாரிப் பதிவும் நெடுங்காலமாகச் சரியில்லை. ஹெர்ரிங்கை மூடினால் ஸ்பிராட் தொழிலும் நின்றுவிடும் என்கிறார்கள். வட கடலில் இதே சிக்கல் 1996-இல் வந்தது. அங்கே ஹெர்ரிங் பிடிப்பளவு ஆண்டின் நடுவிலேயே பாதியாகக் குறைக்கப்பட்டது. ஸ்பிராட் பிடிக்கும் தொழிற்கலங்களில் சேர்ந்து விழும் இள ஹெர்ரிங்குக்குத் தனி உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. திரள் மீண்டது. அதற்கு முன்பு, 1977-இல், வட கடல் ஹெர்ரிங் பிடிப்பு முழுதாகவே மூடப்பட்டு, 1981-இல் தெற்கில் தொடங்கி 1983-இல் மற்றப் பகுதிகளுக்கும் படிப்படியாகத் திறக்கப்பட்டது. கலப்புப் பிடிப்பு மூடுதலைக் கடினமாக்கும், தடுக்காது. கடல்நாய்கள் தின்பதும் ரஷ்யா தனியே பிடிப்பதும் பற்றிய மறுப்புகள் அளவுகளை எங்கே வைப்பது என்பதற்குரியவை. விதியை வைத்திருப்பதா என்பதற்குரியவை அல்ல. பிழைப்பு பற்றிய மறுப்பும் அவ்வாறே. மனிதர் உண்ணுவதைவிட மீன்தூளுக்கும் விலங்குத் தீவனத்துக்கும் பெரும்பங்கு போகும் பிடிப்பில் அது கரையோரச் சிறு மீனவரின் பெயரால் சொல்லப்படுவது பொருத்தமற்றது.

மேற்குப் பால்டிக் எதிர்ச்சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அங்கே 2022 முதல் குறிவைத்த பிடிப்பு, கரையோரச் சிறு படகுகளுக்கான விலக்கு நீங்கலாக, நிறுத்தப்பட்டது. உடன்பிடிப்புக்கு 788 டன் மட்டும் ஒதுக்கப்பட்டது. குஞ்சு வரவு உடனே நிமிரவில்லை. ரூகன் தீவை ஒட்டிய முட்டையிடும் களங்களில் குளிர்காலம் வெப்பமாகி, மீன் முன்கூட்டியே முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும் நேரத்தில் இரை கிடைக்காமல் போவது அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. மூடுதல் பயன் தராது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். பூச்சியக் கருத்துரை வந்த பின்னும் மூன்று ஆண்டுகள் தாமதித்தே மூடப்பட்ட திரள் அது. திரள் எல்லைக்கு மேலே நிற்கும்போதே கையைக் கட்டும் விதி எதற்கு என்ற கேள்விக்கு மேற்கே விடை இருக்கிறது.

ஆறாம் உட்பிரிவை நீக்கும் வரைவு ஏற்கத்தக்கதல்ல. திருத்த வேண்டியது கருத்துரையின் அட்டவணை. பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் ஒவ்வோர் அலகுக்கும் பூச்சியப் பிடிப்பின் ஆபத்தை முகப்பிலேயே தர வேண்டும். எல்லை நிறை மாற்றப்பட்ட ஆண்டுகளில், பழைய எல்லையின்படி அதே ஆபத்து எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஓராண்டுக்குப் பதில் ஐந்தாண்டு முன்கணிப்பையும், முட்டையிடும் திரளில் முதிய மீன்களின் பங்கையும் சேர்க்க வேண்டும். ஐந்து விழுக்காட்டைத் தாண்டி முடிவெடுக்கும் அவை, எந்த எண்ணை எந்தக் காரணத்தால் தாண்டியது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும்.